ஸ்டூடியோக்காரர் பதில்கள்: மகேஷின் செருப்பும் பாவனா ஸ்டூடியோவும்

போன இதழில் திண்டுக்கல் வாசகர் ஒருவர், ‘சினிமாவில் போட்டோகிராபர் என்றாலே கோமாளிதானா? உங்களுக்குக் கோபம் வராதா?’ என்று கேட்டிருந்தார். ‘மகேஷிண்டெ பிரதிகாரம் என்று ஒரு மலையாளப் படம் 2016-ல் வந்தது, பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதமா! ஆசிரியர் கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டார். அதனால் இந்த இதழ் முழுக்க அந்தப் படம்தான். மற்ற கேள்விக்காரர்கள் பொறுத்தருள்க.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.
(விருதுநகர் வாசகி)

இடுக்கி மலையில் பிரகாஷ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே அப்பா வைத்த பாவனா ஸ்டூடியோவை நடத்துகிறவன் மகேஷ். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணம், சாவு வீடு என்று பிழைப்பு ஓடுகிறது. ஒரு நாள் கடைத்தெருவில் யாரோ யாரிடமோ தொடங்கிய தகராறை விலக்கப் போகிறான். ஜிம்சன் என்கிற வெளியூர் ஆள் இவனைப் போட்டு அடித்துவிடுகிறான். வேட்டி அவிழ்ந்து, ஊரே பார்க்க அவமானம். அவனைத் திருப்பி அடிக்கிறவரை காலில் செருப்பு போடமாட்டேன் என்று சபதம். சபதம் போட்டவன் தேடிப் போனால், அடித்தவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான்! இதற்கு நடுவே, பள்ளிக்கூட நாளிலிருந்து காதலித்த சௌமியா வேறு இடத்தில் வாழ்க்கைப்படுகிறாள். ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்க வரும் ஜிம்சி என்ற பெண்மேல் மனசு போகிறது. அவள் யார் என்று பார்த்தால் அந்த ஜிம்சனின் தங்கை. மீதியைப் படத்தில் பாருங்கள்.

செருப்புச் சபதமெல்லாம் நடக்கிற காரியமா? எழுதியவரின் கற்பனைக்கு அளவே இல்லையா?
(தஞ்சாவூர் வாசகர்)

கற்பனை இல்லை ஐயா, நடந்ததுதான். கதை வசனம் எழுதிய ஸ்யாம் புஷ்கரனின் சொந்த ஊர் ஆலப்புழை மாவட்டத்துத் துறவூர். அந்த ஊர்க்காரர் ஒருவர் இப்படி ஒரு சபதம் போட்டுச் செருப்பில்லாமல் நடந்தார். அதுதான் விதை. ஆனால் துறவூர் கடலோரத்துச் சமவெளி. அங்கே முளைத்த கதையைத் தூக்கிக்கொண்டு போய் இடுக்கி மலையில் நட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் படத்தின் பாதி வெற்றி அந்த இடமாற்றத்தில் இருக்கிறது. சமவெளியில் செருப்பில்லாமல் நடப்பது சிரமம், அவ்வளவுதான். மலையில் அப்படியில்லை. ஏற்றம், இறக்கம், சரளைக்கல், அட்டை, மழை. ஒவ்வொரு அடியிலும் சபதம் காலைக் குத்தும். மலையோர ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. நாலு கடையும் ஒரு பஸ் நிறுத்தமும் உள்ள முக்கில் ஒருத்தன் அடிபட்டால், அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் மறுநாளும் அதே முக்கில்தான் டீ குடிப்பார்கள். எங்கே போய் ஒளிவது?

நீங்கள் ஸ்டூடியோ நடத்தியவர். தொழில் கண்ணால் பார்த்தால் படம் எப்படி?
(போடிநாயக்கனூர் வாசகர், இன்னும் சிலரும்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

மகேஷ் ஒரு சுமாரான போட்டோகிராபர். படம் அதை ஒளிக்கவே இல்லை. ‘தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, கண்ணை நல்லாத் திறங்க, அசையாதீங்க’ என்று அவன் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு என் குரலே கேட்டது. உத்தமபாளையத்தில் கடை வைத்திருந்த காலம் முழுக்க நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒரு பாடம். அப்பன் சொன்னதை மகன் சொல்வான், வருகிறவர் முகம் எதுவானாலும் அதே தாடை, அதே கண், அதே குடை லைட். கடைசியில் ஊரில் உள்ள அத்தனை பேரும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி போட்டோவில் இருப்பார்கள்.

ஜிம்சி வந்து உட்காருகிறாள். படம் எடுக்கிறான். கையில் கொடுத்த படம் அவளுக்குப் பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள், உங்களுக்குத் தொழில் தெரியவில்லை என்று. ஜிம்சன் அடித்த அடியைவிட இது பெரிய அடி என்பது என் கட்சி. ஜிம்சன் அடித்தது உடம்பில். இவள் கை வைத்தது கடைப் பலகையில். அந்த அடிக்கு மகேஷ் சபதம் ஏதும் போடவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நிற்கிறான். அப்பா பழைய போட்டோகிராபர், அதிகம் பேசாத மனுஷன். இதைக் கற்றுக்கொடுக்க முடியாது, கற்றுக்கொள்ளத்தான் முடியும் என்கிற அர்த்தத்தில் ஒன்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்.

அதற்குப் பிறகு பையன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான். பார்க்கத் தொடங்குகிறான். இலையை, பூச்சியை, வெளிச்சத்தை, கடைசியாக மனுஷ முகத்தை. படத்தின் பெயரில் பழிவாங்கல் இருக்கிறது என்பதால் எல்லாரும் சண்டையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அது வெறும் சாக்கு. பரம்பரைக் கடையில் உட்கார்ந்து காலம் தள்ளிய ஒருத்தன், முப்பதை நெருங்கும்போது தன் தொழிலை முதல் தடவையாகக் கற்றுக்கொள்கிறான். கதை அதுதான். செருப்பு, சபதம், சண்டை எல்லாம் அதைச் சுற்றிப் போட்ட வேலி.

தொழிலை இந்த மரியாதையோடு காட்டிய படம் நம் பக்கம் அபூர்வம். நம் படத்தில் கதாநாயகன் மெக்கானிக் என்றால் முகத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவியிருக்கும், வேலை முடிந்தது. ஒரு ஸ்பானர் திரும்பாது.

அந்த அப்பாவைப் பற்றி இன்னொன்று. நடித்தவர் கே.எல். ஆன்டணி, கொச்சிப் பக்கத்து நாடகக்காரர். சொந்தக் குழு வைத்து நாடகம் போட்டு அலைந்தவர். சினிமா அவரைக் கண்டுபிடித்தபோது வயதாகிவிட்டது. அவர் மனைவி லீனாவும் நாடகக்காரர்தான், இந்தப் படத்தில் அவரும் உண்டு. 2018 டிசம்பரில் ஆன்டணி காலமானார். முகத்தில் ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்பதற்கு எத்தனை வருஷ மேடை வேண்டியிருக்கிறது பாருங்கள்.

ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியாமல் போட்டோ எடுத்து, பத்திரிகைக்கும் அனுப்புகிறான் மகேஷ். அதைப் பார்த்து அவளுக்குக் காதல் வருகிறதாம். ஸ்டூடியோக்கார ஐயா, இது சரியா?
(கோயம்புத்தூர் கல்லூரி மாணவி)

சரியில்லை, தாயி. வளைத்துப் பேச இதில் ஒன்றுமில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பெண்பிள்ளைகளின் நெகட்டிவைத் தனி டப்பாவில் போட்டுப் பூட்டி வைப்போம். கடை முகப்புக் கண்ணாடிக்குள் ஒரு பெண்ணின் படத்தை வைக்க வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். கேட்காமல் வைத்து, கல்லடி வாங்கிய ஸ்டூடியோ கண்ணாடி எனக்குத் தெரியும். அழகான படமாச்சே என்பது அங்கே பதிலாகாது. யார் பார்க்க வேண்டும் என்பதை முகத்துக்குச் சொந்தக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்யாம் புஷ்கரன் என்ன நினைத்து எழுதினார் என்பது புரிகிறது. ‘உனக்குத் தொழில் தெரியாது’ என்றவளுக்கு, தொழிலாலேயே பதில் சொல்ல வேண்டும். அதற்கு இந்தப் பத்திரிகைப் படம் ஒரு வழி. ஜிம்சியாக வரும் அபர்ணா பாலமுரளி அந்த இடத்தைச் சிரித்துக் கடந்துபோகிற அழகில் நமக்கும் தட்டுவதில்லை. ஆனாலும் கேட்டிருக்கலாம். கேட்டு எடுத்திருந்தால் காதல் குறைந்தா போயிருக்கும்? 2016-க்குள்ளேயே எல்லார் கையிலும் கேமரா வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எடுத்த படம் இதை இவ்வளவு லேசாகத் தாண்டியிருக்க வேண்டாம். நான் தலையில் வைத்துக் கொண்டாடும் படத்தில் எனக்கு உறுத்துகிற இடம் இது ஒன்று.

சௌமியா செய்தது துரோகம்தானே?
(சேலம் வாசகர்)

அவள் நர்ஸ் வேலை பார்க்கிற பெண். வெளிநாட்டு வரன் வருகிறது, வீட்டில் நெருக்குகிறார்கள். கோட்டயம், இடுக்கிப் பக்கம் ஒரு நர்ஸுக்கு அந்தக் கதவு என்னவென்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள். படம் அவளைத் திட்டவில்லை. நீங்கள் ஏன் திட்டுகிறீர்கள்?

நகைச்சுவைப் படம் என்கிறார்கள். ஆனால் வடிவேலு, கவுண்டமணி மாதிரி யாரும் இல்லையே? எங்கே சிரிப்பது?
(திருநெல்வேலி வாசகர்)

நியாயமான கேள்வி அண்ணாச்சி. இந்தப் படத்தில் யாரும் உங்களைச் சிரிக்க வைக்க முயல்வதில்லை. அங்கேதான் சிரிப்பே.

அந்தச் சண்டை எப்படி வருகிறது என்று பாருங்கள். ஓர் இடத்தில் ஒன்றுமில்லாத உரசல். அது இன்னொருவர் தலையில் விடிகிறது. அவர் கோபத்தை வேறொருவர்மேல் இறக்குகிறார். ஒருவருக்கும் முதல் காரணம் தெரியாது. கடைசியில் எதற்கும் சம்பந்தமில்லாத மகேஷ் நடுத்தெருவில் வேட்டி இல்லாமல் கிடக்கிறான். இதைச் சீட்டுக்கட்டை வரிசையாய் நிறுத்திச் சரித்த மாதிரி காட்டிக்கொண்டே போகிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது, அவனுக்கு வாழ்க்கை போகிறது. ரெண்டும் ஒரே ஷாட்டில்.

அப்புறம் அந்தப் பேபிச்சேட்டன். மகேஷின் பக்கத்துக் கடைக்காரர். அலன்சியர் நடித்திருக்கிறார். ஊர் நியாயம் பேசுகிறவர், பாசக்காரர், தன் மகள் விஷயம் என்று வந்தால் மட்டும் எல்லா நியாயமும் மறந்து போகிறவர். அவரிடம் வேலைக்கு வரும் கிறிஸ்பின், அதாவது சௌபின் ஷாஹிர், கம்ப்யூட்டரில் போட்டோஷாப் வேலை தெரிந்தவன். அந்த ஒரு வித்தை போதும், ஊரில் அவனுக்கு டாக்டர் மரியாதை! இந்த மாதிரி பையன்கள் எங்கள் கடைத்தெருவுக்கும் வந்தார்கள். நாங்கள் பென்சில் வைத்து நெகட்டிவில் டச்சிங் பண்ணி ஒரு மணி நேரத்தில் அகற்றிய பருவை, அவன் பீடியை வாயிலிருந்து எடுக்காமல் அழித்துவிடுவான். வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல!

கிறிஸ்பின் ஒரு இடத்தில் மம்முட்டியையும் மோகன்லாலையும் ஒப்பிட்டுப் பேசுவான். மம்முட்டி எந்த வேஷமும் போடுவார், லாலேட்டன் என்றால் வர்மா, நாயர், மேனோன் என்று உசந்த வேஷம் மட்டும்தான் என்கிற மாதிரி. வெட்டிப் பேச்சு போலத்தான் இருக்கும். ஆனால் கேரளத்துச் சாதிக் கணக்கைத் தொட்டுவிட்டு ஓடிப்போகிற பேச்சு அது. நின்று விளக்கியிருந்தால் பிரசங்கமாகியிருக்கும்.

எடுத்தவர்கள் யார்? விருது ஏதும் வாங்கியதா?
(புதுச்சேரி வாசகி)

இயக்கியது திலீஷ் போத்தன், இது அவருக்கு முதல் படம். அதற்கு முன் ஆஷிக் அபுவிடம் வேலை பார்த்தவர். தயாரித்ததும் ஆஷிக் அபுதான். கூட வேலை பார்த்தவனை நம்பிப் பணம் போட்டிருக்கிறார். மகேஷாக பகத் பாசில், ஒளிப்பதிவு ஷைஜு காலித், இசை பிஜிபால். தொடக்கத்தில் மகேஷ் ஓடைத் தண்ணீரில் ரப்பர் செருப்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பான், பின்னால் இடுக்கியைப் பற்றி ஒரு பாட்டு போகும். அதைப் பாடியதும் பிஜிபால்தான். அந்தச் செருப்பை அப்போது நாம் கவனிக்க மாட்டோம். கவனிக்கக் கூடாது என்பதற்காகத்தான் பாட்டே.

2016 பிப்ரவரி 5 அன்று வெளிவந்தது. விமர்சகர்களுக்கும் பிடித்தது, தியேட்டரிலும் ஓடியது. இந்த இரண்டும் ஒன்றாக நடப்பது லேசில்லை. 64-வது தேசிய விருதுகளில் சிறந்த மலையாளப் படம், ஸ்யாம் புஷ்கரனுக்குச் சிறந்த திரைக்கதை. கேரள அரசு விருதிலும் திரைக்கதைக்கு உண்டு, மக்களைக் கவர்ந்த கலையம்சமுள்ள படம் என்பதற்கும் உண்டு.

அதில் நடித்தவர்களை நீங்கள் நம் படங்களிலேயே பார்த்திருப்பீர்கள். அபர்ணா ‘சூரரைப் போற்று’ படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர். பேபிச்சேட்டனின் மகள் சோனியாவாக வருகிற பெண் லிஜோமோள் ஜோஸ். ‘ஜெய் பீம்’ செங்கேணி! நிஜத்தில் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டுக்காரி. மலைக்காரி மலைக்காரியாக நடித்தது இங்கே, பிறகு நம் இருளர் பெண்ணாக நம்மை அழவைத்தது அங்கே.

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறேன் அண்ணே. இடுக்கிப் படம் என்கிறார்கள், அதில் நாங்கள் எங்கே?
(கம்பம் வாசகர்)

தம்பி, இந்தக் கட்டிலேயே முக்கியமான கடிதம் உன்னுடையது.

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன்னே கம்பம், கூடலூர், போடிப் பக்கமிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் ஏறுவார்கள். குமுளி வழியே, கம்பமெட்டு வழியே, போடிமெட்டு வழியே மலை ஏறி, ஏலக்காய் பறித்து, களையெடுத்து, பொழுது சாய இறங்குவார்கள். இடுக்கியின் ஏலமும் தேயிலையும் தமிழ்க் கை படாமல் ஒரு நாளும் வளர்ந்ததில்லை. 1972-ல் தனி மாவட்டமாக ஆவதற்கு வெகு முன்பிருந்தே கதை அதுதான்.

படம் காட்டுகிற இடுக்கி வேறு. கோட்டயம், பாலாப் பக்கமிருந்து மலையேறிக் காடு திருத்தி உட்கார்ந்த குடியேற்றக் கிறிஸ்தவர்களின் இடுக்கி அது. கப்பைக்கிழங்கு, மிளகுக்கொடி, சர்ச் மணி, சாவு வீட்டில் கூடும் சொந்தம், சேட்டன், சாச்சன் என்று முறை சொல்லிக் கூப்பிடுவது. அந்த வட்டத்துக்குள் ஒரு நூல் பிசகாமல் எடுத்திருக்கிறார்கள். உன் ஜீப்பில் ஏறுகிறவர்களுக்குப் பேர் சொல்லும்படியான வேஷம் எதுவும் அதில் கிடையாது. மலையின் இந்தச் சரிவில் நின்று பார்த்தால் அது குறைதான். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதையை அவர்கள் எடுக்க வேண்டும் என்று காத்திருப்பதும் முறையில்லை. ஜீப்புக்குள் நடக்கிற பேச்சும் வம்பும் சிரிப்பும் உனக்குத்தான் தெரியும். நம் பக்கத்துப் பையன் எவனாவது கேமராவோடு உன் ஜீப்பில் ஏறினால், வாடகை கேட்காமல் ஏற்றிக்கொள்.

தமிழில் ‘நிமிர்’ என்று வந்ததே, அது ஏன் இந்த அளவு பேசப்படவில்லை?
(சென்னை, தென்காசி, நாகர்கோவில் வாசகர்கள்)

2018 ஜனவரியில் வந்தது. பிரியதர்ஷன் இயக்கம், உதயநிதி ஸ்டாலின் கதாநாயகன். அடிக்கிறவராகச் சமுத்திரக்கனி, வசனமும் அவர்தான். அப்பாவாக யார் தெரியுமா? ‘முள்ளும் மலரும்’ மகேந்திரன்! அந்தத் தேர்வுக்கு மட்டும் நான் எழுந்து நின்று கும்பிடுவேன். நம் சினிமாவில் பார்க்கத் தெரிந்த கண் ஒன்றைக் கொண்டுவந்து, பார்க்கக் கற்றுத்தரும் அப்பா வேஷத்தில் உட்கார வைத்தார்கள்.

மற்றபடி? தென்காசிப் பக்கம் எடுத்தார்கள். ஏகாம்பரம் ஒளிப்பதிவு, ஒவ்வொரு சட்டகமும் காலண்டரில் போடலாம். அதுதான் தொந்தரவு. ஊர் அவ்வளவு அழகாக இருந்தால் அங்கே யாருக்கும் அவமானம் நிகழாது. ஷைஜு காலித்தின் படத்தில் மலை அழகாக இருக்கும், ஆனால் மூடுபனி வந்து நின்று ‘என்னைப் பார்’ என்று சொல்லாது. ஒருத்தன் குடை பிடித்துக்கொண்டு குறுக்கே நடந்து போய்விடுவான்.

கதையை எடுத்துக்கொண்டு வரலாம். அடிதடியை எடுத்துக்கொண்டு வரலாம். அக்கம்பக்கத்தை எடுத்துக்கொண்டு வர முடியாது. மூலப்படத்தில் முக்கில் நிற்கிற ஒவ்வொருத்தனுக்கும் வீட்டில் ஒரு பிரச்சினை இருக்கிறது என்று நம்புகிறோம். இங்கே கதாநாயகனைச் சுற்றி நிற்பதற்கு வந்தவர்களாகத் தெரிகிறார்கள். தெலுங்கில் வெங்கடேஷ் மகா 2020-ல் எடுத்தபோது அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போய் அங்குள்ள பேச்சையும் பழக்கத்தையும் பிடித்தார். அது தன் காலில் நின்றது.

இன்னொன்று சண்டை. மலையாளத்தில் அந்தக் கடைசிச் சண்டை பார்க்கவே பரிதாபமாக இருக்கும். மகேஷ் குங்ஃபூ வகுப்பெல்லாம் போய்ப் படித்தவன். ஆனாலும் ரெண்டு பேரும் உருண்டு, புரண்டு, மூச்சு வாங்கி, யார் ஜெயிப்பது என்றே தெரியாமல் கட்டிப்பிடித்துக் கிடப்பார்கள். தெருச்சண்டை பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அப்படித்தான் இருக்கும். ஆகாயத்தில் பறக்க மாட்டார்கள்.

‘போத்தேட்டன்ஸ் பிரில்லியன்ஸ்’ என்று இளைஞர்கள் பேசிக்கொள்கிறார்களே, என்ன அது?
(மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியை)

திலீஷ் போத்தனின் படங்களில் மூலையில் ஒளித்துவைத்த சின்னச் சின்ன விஷயங்களைத் தேடிப்பிடித்துப் பட்டியல் போடுகிறார்கள் அம்மா. பின்னால் சுவரில் என்ன இருக்கிறது, அந்தச் செருப்பு முன்னே எங்கே வந்தது, இந்த ஆள் அந்தக் காட்சியில் எங்கே நின்றான் என்று. முதலில் ரசித்துச் சொன்னார்கள், பிறகு கேலியாகவும் ஆகிவிட்டது. சுவரில் பல்லி ஓடினால்கூட பிரில்லியன்ஸ்! அந்த ஆளே நினைக்காததையெல்லாம் இவர்கள் கண்டுபிடித்துத் தருகிறார்கள். எனக்கு இந்த விளையாட்டில் பொறுமை இல்லை. புதையல் தேடுகிறவன் மகேஷின் முகத்தைப் பார்க்க மறந்துவிடுவான்.

எங்கள் ஊரை மலையாளிகள் ஒரு பழைய படத்தில் காட்டியிருப்பதாக அப்பா சொல்வார். உண்மையா?
(பழனி வாசகி)

அப்பா சொன்னது சரி. ‘மழவில்காவடி’, 1989. சத்யன் அந்திக்காடு இயக்கம், ரகுநாத் பலேரி எழுத்து. ஊரில் பிழைக்க வழியில்லாமல் பழனிக்கு வந்து சேரும் மலையாளியாக ஜெயராம். அந்த வருஷம் ஊர்வசிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்ததற்கு இந்தப் படமும் ஒரு காரணம். மகேஷ், பேபிச்சேட்டன் எல்லாருக்கும் முன்னோர்கள் அந்தக் காலத்து சத்யன் அந்திக்காடு படங்களில்தான் இருக்கிறார்கள். ஒரு வித்தியாசம், அந்தப் படங்களில் ஊர் கடைசியில் ஒன்றுகூடி நல்லது செய்யும். திலீஷ் போத்தனின் ஊர் வேடிக்கை பார்க்கும், டீ குடிக்கும், வீட்டுக்குப் போகும். எனக்கு ரெண்டாவது ஊரைத்தான் அதிகம் தெரியும். அப்பாவோடு உட்கார்ந்து பழைய படத்தைப் பாருங்கள், தெருவை அடையாளம் சொல்வார்.

நமக்கு இப்படி எடுக்க வராதா?
(ஈரோடு வாசகர்)

ஏன் வராது? உசிலம்பட்டிப் பக்கத்து நல்லாண்டி தாத்தாவை வைத்து மணிகண்டன் ‘கடைசி விவசாயி’ எடுக்கவில்லையா? ஒரு முடிதிருத்துகிறவரின் தேர்தல் வாக்கை வைத்து மடோன் அஸ்வின் ‘மண்டேலா’ எடுக்கவில்லையா? ரெண்டும் தேசிய விருது வாங்கின. எடுக்க ஆள் இருக்கிறது. திலீஷ் போத்தனுக்கு ஆஷிக் அபு கிடைத்த மாதிரி, பணத்தைக் கொடுத்துவிட்டு ‘ஒரு குத்துப்பாட்டு வைக்கலாமே’ என்று சொல்லாமல் இருக்கிற ஆள்தான் வேண்டும்.

ஸ்டூடியோக்கார மாமா, எனக்கு எப்போது பாஸ்போர்ட் போட்டோ எடுத்தாலும் கண் மூடிக்கொள்கிறது. மகேஷிடம் போனாலும் இதே கதிதானா?
(காரைக்குடி வாசகி)

மகேஷிடம் போனால் ‘கண்ணை நல்லாத் திறங்க’ என்பான், நீங்கள் முழித்து முழித்துப் பார்த்துக் கடைசியில் சரியாக பிளாஷ் அடிக்கும்போது மூடுவீர்கள். திறக்கச் சொன்னால் மூடும், அது கண்ணின் குணம். அதனால் முதலிலேயே மூடிக்கொள்ளுங்கள். எடுக்கிறவரிடம் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொல்லுங்கள். மூன்றுக்குத் திறங்கள், அந்த நொடி அவர் அமுக்கட்டும். கண்ணும் திறந்திருக்கும், முறைப்பும் இருக்காது. காரைக்குடியில் உள்ள ஸ்டூடியோக்காரர் கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.